ஒத்திகைத் தளத்தில் பதினாறு பேர்

எங்கள் அலுவலகத்தில் அத்தானின் மேசைக்கு மேலே சுவரில் நான் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். 'வேலை மேலே போகும், விவரம் கீழே வரும். மாற்றிச் செய்தால் மண்டை உடையும்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய தாள். அத்தான் அதை மறைத்துக் காலண்டர் மாட்டியிருந்தார். கேட்டால், ஆணி அங்கேதான் இருந்ததாம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். தையல்கடைக்கு மேலே இரண்டு அறையை வாடகைக்குப் பிடித்து, கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் வலைத்தளம் கட்டித் தருகிற தொழில் நடத்துகிறார். அவர் பேசிப் பேசி ஆள் பிடித்து வருவார். நான் கட்டுவேன். அக்கா ஃபோன் எடுப்பாள், பில் போடுவாள், எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சண்டை விலக்குவாள்.

அந்தத் தாளில் எழுதியது ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. வேர்ட்பிரஸ் என்கிற மென்பொருளில் ஒரு தளம் கட்டினால் அதை இரண்டாக வைத்துக்கொள்வோம். ஊர் உலகம் பார்ப்பது லைவ். அதே அச்சில் இன்னொன்று, நாங்கள் உடைத்துப் பார்ப்பதற்கு. அதை ஸ்டேஜிங் என்பார்கள். எங்கள் வாயில் அது ஒத்திகை. புது நிறம், புதுப் பக்கம் எதுவானாலும் ஒத்திகையில் செய்து பார்த்துவிட்டு, அந்த வேலையை மட்டும் லைவுக்கு ஏற்ற வேண்டும். லைவில் ஜனங்கள் எழுதிவிட்டுப் போன பேர், ஃபோன் நம்பர், விண்ணப்பம் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். தேவைப்பட்டால் அதன் நகல் ஒன்று ஒத்திகைக்கு இறங்கி வரலாம். இவ்வளவுதான் விஷயம். இதை அத்தானுக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது.

தண்ணீர் கேன் வேன் ஓட்டுகிற அந்த வேன்காரம்மா வந்த அன்று காலை நான் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. மாடிப்படியில் திடுதிடுவென்று ஆள் ஏறும் சத்தம் கேட்டது. தட்டாமல் கொள்ளாமல் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தார். அக்கா வயதுதான் இருக்கும். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார், வலது தோள் பூராவும் ஈரம். கையில் ஒரு தாள்.

"இந்த சைட்டப் பண்ணினது நீங்கதானே? அடியில பொடி எழுத்துல உங்க பேரும் அட்ரஸும் போட்டிருக்கு. இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அத்தான் எழுந்தார். புது ஆளைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு தானாக வந்துவிடும். "உக்காருங்க மேடம்."

"உக்கார வரல சார். கீழ வண்டி நிக்குது, வண்டி நெறைய தண்ணி கேன் நிக்குது. இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க, நான் போயிட்டே இருப்பேன்."

விஷயம் இதுதான். கனரக வாகனப் பயிற்சி நிலையம் ஒன்றுக்கு நாங்கள்தான் தளம் கட்டியிருந்தோம். பெண்களுக்குப் பேருந்து ஓட்டக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றைப் புதிதாகத் தொடங்கினார்கள். இடம் குறைவு. முந்தி விண்ணப்பித்தவருக்கு முந்தி இடம். வேன்காரம்மா விண்ணப்பம் திறந்த அன்றே போட்டுவிட்டார். 'உங்கள் விண்ணப்பம் பதிவாகிவிட்டது' என்று மெயிலும் வந்துவிட்டது. அதை அச்செடுத்துப் பத்திரமாக வைத்திருந்து, இன்று சான்றிதழ் சரிபார்க்கப் போயிருக்கிறார்.

"கவுண்டர்ல இருந்த ஆளு கம்ப்யூட்டர்ல தேடினாரு. இல்லங்கறாரு. எங்க நம்பர்ல எழுத்தே வராது, இது எங்க அடிச்சதுன்னு கேக்கறாரு. எனக்குப் பின்னாடி அவ்வளவு பொம்பளைங்க நிக்கறாங்க சார். எல்லார் முன்னாடியும் 'போலி பேப்பரத் தூக்கிட்டு வந்துடறீங்க'ன்னு சொல்லி, வாட்ச்மேனக் கூப்பிட்டு என்னை வெளிய அனுப்பினாரு." அவர் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது. பிறகு முன்னைவிட ஏறியது. "நாளைக்கு சாயங்காலம் செலக்ஷன் லிஸ்ட் போட்டுடுவாங்க. அடுத்த பேட்ச் வர்றப்போ எனக்கு வயசு தாண்டிடும். இத விட்டா எனக்கு பஸ்ஸு கெடையாது. சாகற வரைக்கும் கேன் தூக்கணும்."

அத்தான் தாளை வாங்கிப் பார்த்தார். முகத்தைத் துக்கம் விசாரிக்கிறவர் மாதிரி வைத்துக்கொண்டார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. வெளிய எங்கயாவது கடையில குடுத்து அப்ளை பண்ணினீங்களா? இந்த மாதிரி நெறைய பேர் ஏமாத்தறானுங்க."

"என் ஃபோன்ல, என் கையால, எங்க வீட்டு வாசல்ல உக்காந்து போட்டேன் சார்."

நான் எட்டிப் பார்த்தேன். விண்ணப்ப எண்ணின் முதலில் 'ஒ' என்று ஒரு எழுத்து. அந்த எழுத்தை வைத்தவளே நான்தான். ஒத்திகையில் போடும் எதுவும் லைவோடு கலந்துவிடக் கூடாது என்று, ஒத்திகை எண்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் 'ஒ' வருகிற மாதிரி அமைத்திருந்தேன். இந்த அம்மா விண்ணப்பித்தது உண்மை, மெயில் வந்ததும் உண்மை. ஆனால் எல்லாமே ஒத்திகைத் தளத்தில் நடந்திருக்கிறது. காவலுக்கு நான் வைத்த எழுத்தைக் காட்டியே அவரைப் போலி என்று துரத்தியிருக்கிறார்கள்.

"இது போலி இல்லைங்க" என்றேன்.

அத்தான் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஒரு நிமிஷம் மேடம், செக் பண்ணிட்டு வர்றோம்" என்று என்னை உள்ளறைக்கு ஓட்டிக்கொண்டு போனார். அக்கா நாற்காலி இழுத்துப் போட்டாள். வேன்காரம்மா உட்காரவில்லை. வாசலுக்குப் போய் மேல்படியில் உட்கார்ந்துகொண்டார். பதில் கிடைக்காமல் அவர் இறங்கமாட்டார் என்பது அந்த உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது.

உள்ளே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகைத் தளத்தைத் திறந்தேன். பாஸ்வேர்டே கேட்கவில்லை, நேராக உள்ளே விட்டது.

"பூட்டு எங்க அத்தான்?"

"அது... மேலாளர் பாக்கணும்னாரு. ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்ட் மறந்துடறாரு, பாவம். எடுத்துட்டேன்."

மேலாளர் என்றால் பயிற்சி நிலையத்து மேலாளர். சரி. பக்கத்தின் தலையில் சிவப்பாக ஒரு பட்டை போட்டிருந்தேன்: 'இது ஒத்திகை. இங்கே விண்ணப்பிக்காதீர்கள்.' அதையும் காணோம்.

"அசிங்கமா இருந்துச்சும்மா. டிசைனையே கெடுக்குது. மேலாளர் வேற மூஞ்சியச் சுளிச்சாரு."

"மெயில் போகாம ஆஃப் பண்ணி வெச்சிருந்தேனே?"

"அப்ளை பண்ணினதும் அவர் ஃபோன்ல டிங்குன்னு மெயில் வந்து நின்னா எப்படி இருக்கும்! அதுக்குத்தான் ஆன் பண்ணினேன். அசந்துட்டாரு தெரியுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பூட்டைக் கழற்றி, எச்சரிக்கைப் பலகையைப் பிடுங்கி, மெயிலையும் திறந்துவிட்டு, ஒரு மனுஷரை அசத்தியிருக்கிறார். அப்படியும் ஊரில் இருக்கும் பெண்களுக்கு இந்த முகவரி எப்படிக் கிடைத்தது என்று மட்டும் விளங்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன். பதில் சுவரிலேயே ஒட்டியிருந்தது. பயிற்சி நிலையத்துக்காக அத்தான் அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸ். நடுவில் க்யூஆர் கோடு, 'ஸ்கேன் செய்து இப்போதே விண்ணப்பியுங்கள்' என்று வளைவாக எழுத்து. என் ஃபோனை நீட்டினேன். ஒத்திகைத் தளம் திறந்தது.

"அத்தான், இந்தக் கோடு எப்படிப் பண்ணினீங்க?"

"எப்படின்னா? ஸ்க்ரீன்ல சைட் தெறந்திருந்துச்சு. மேல இருந்த அட்ரஸ காப்பி பண்ணி..." அங்கேயே நிறுத்தினார். அவருக்கும் உறைத்துவிட்டது. திருதிருவென்று முழித்தார்.

"எவ்வளவு ஒட்டினீங்க?"

"மூணு பஸ் ஸ்டாண்டுல."

தலையில் அடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் முகவரி அடித்துப் போனவர்கள் எல்லாம் லைவுக்குப் போயிருக்கிறார்கள். பேருந்துக்குக் காத்திருந்தபோது நோட்டீஸைப் பார்த்து, ஆசைப்பட்டு, ஃபோனை நீட்டிய பெண்கள் ஒத்திகைக்கு வந்திருக்கிறார்கள். பேருந்து ஓட்டக் கூப்பிட்டுவிட்டு, பேருந்து நிலையத்திலேயே வைத்து அவர்களை ஏமாற்றியிருக்கிறோம். ஒத்திகையில் இருந்த விண்ணப்பங்களைத் திறந்தேன். 'அஅஅ', 'டெஸ்ட் டெஸ்ட்' என்று அத்தான் போட்ட குப்பைகளுக்கு நடுவே உயிருள்ள பேர்கள், உண்மையான ஃபோன் நம்பர்கள், கோணலாக எடுத்த லைசென்ஸ் படங்கள். எண்ணினேன். பதினாறு பேர்.

அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலை இறக்கிக்கொண்டார். "இங்க பாரு. இப்ப என்ன ஆயிடுச்சு? வழக்கமா என்ன பண்ணுவோம்? லைவ காப்பி எடுத்து ஸ்டேஜிங்ல எறக்குவோம். அத இப்பப் பண்ணிடுவோம். எல்லாம் சுத்தமாயிடும். அந்தம்மா நம்பரும் இருக்காது, ஒண்ணும் இருக்காது. போலின்னு நெலையத்துலயே சொல்லிட்டாங்க. நமக்கென்ன?"

சொல்லிக்கொண்டே கையை மௌஸ் மேல் வைத்துவிட்டார். வாஸ்தவம்தான். ஒரே பொத்தான். லைவின் நகல் வந்து ஒத்திகையின் மேல் உட்காரும், பதினாறு பேரும் இருந்த சுவடு தெரியாமல் போய்விடுவார்கள். நான் மௌஸின் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

"நல்லா இருக்கே உங்க நியாயம்! வாசல்ல ஒரு மனுஷி உக்காந்திருக்காங்க. உள்ள உக்காந்துக்கிட்டு அவங்கள அழிக்கறீங்களே, கை கூசல?"

"கத்தாதடி, கேக்கப் போவுது!"

"கேக்கட்டும்!"

கதவு திறந்தது. அக்கா. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, "வெளிய எல்லாம் கேக்குது" என்றாள்.

அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. எனக்கு அந்த மலர்ச்சியைப் பார்த்தாலே பயம். "சரி, அழிக்க வேணாம். திருப்பிப் பண்ணுவோம். ஸ்டேஜிங்க அப்படியே லைவுக்குத் தள்ளிடு. பதினாறு பேரும் அங்க போயிடுவாங்க இல்ல? அந்தம்மாவுக்கும் சந்தோஷம், நமக்கும் நிம்மதி."

"லைவுல இருக்கறவங்க?"

"அவங்க பாட்டுக்கு இருக்கட்டும்."

"எப்படி இருப்பாங்க? மேல போய் உக்காந்துடும் அத்தான்! விண்ணப்பம் தெறக்கறதுக்கு முன்னாடி எடுத்த நகல் இது. அந்தப் பக்கம் அப்ளை பண்ணின அத்தனை பொம்பளைங்களும் காலி. இப்ப இந்த நிமிஷம் அந்தக் கவுண்டர்க்காரரு சரிபாத்து சரிபாத்து டிக் போட்டுட்டு இருக்காரே, அதுவும் காலி. பதினாறு பேரக் காப்பாத்தறேன்னு நூத்துக்கணக்குல ஆளத் தூக்கித் தெருவுல போடச் சொல்றீங்க."

இருக்கிற பொத்தான் இரண்டு. இரண்டையும் தப்பாக அழுத்தப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் அத்தான்தான். அக்கா இதற்குள் என் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க, இதென்ன என் பேரு இருக்கு?"

அத்தான் போட்ட டெஸ்ட்களில் ஒன்று. அக்காவின் பேரில் விண்ணப்பம், கனரக அனுபவம் என்ற இடத்தில் 'நிறைய'.

"சும்மா டெஸ்ட்டுக்கு..."

"டெஸ்ட்டுக்குன்னா வயச ஏன் அஞ்சு கூட்டிப் போட்டிருக்கீங்க?" அக்கா சிரிக்கவில்லை. "என் பேர எடுத்துடு" என்று என்னிடம் சொன்னாள். "அந்தப் பதினாறு பேர விட்டுடாத. நீங்க எந்திரிங்க. அவ வேல பாக்கட்டும்."

அத்தான் எழுந்தார். அக்கா அந்தக் குரலில் பேசினால் அவர் மட்டும் இல்லை, நானும் எழுந்துவிடுவேன்.

முதலில் இரண்டு தளங்களையும் முழுசாக நகலெடுத்துத் தனியே வைத்தேன். என்ன கெட்டுப்போனாலும் காலையில் இருந்தபடிக்குத் திரும்ப வேண்டும். பிறகு பதினாறு பேரை மட்டும் தனியாகப் பிரித்தேன். அவர்களை அப்படியே தூக்கி லைவில் வைத்துவிட முடியாது. தளம் உள்ளுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுக்கும்; ஒத்திகையில் வேன்காரம்மா உட்கார்ந்திருக்கும் அதே எண்ணில் லைவில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். கவனிக்காமல் வைத்தால் ஒருத்தியின் மடியில் இன்னொருத்தியை உட்கார வைத்த கதையாகிவிடும். ஆகவே எல்லோருக்கும் புது எண். விண்ணப்பித்த நேரம் மட்டும் மாறக்கூடாது. முந்தியவருக்கு முந்தி இடம் என்கிற இடத்தில் அந்த நேரம்தான் அவர்களுடைய சொத்து. லைசென்ஸ் படங்களையும் கூடவே எடுத்து, எது யாருடையது என்று திரும்பக் கோத்தேன். ஒரு பெண் சந்தேகப்பட்டு லைவிலும் ஒரு தடவை போட்டிருந்தாள். அவளை இரண்டு பேராக்காமல் ஒருத்தியாகவே வைத்தேன்.

இதையும் நேராக லைவில் செய்யவில்லை. லைவிலிருந்து புதிதாக இன்னொரு நகல் எடுத்து, அதைப் பூட்டி, தலையில் சிவப்புப் பட்டையைக் கட்டி, மெயிலை நிறுத்தி, அதில் செய்து பார்த்தேன். பழையவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். போட்ட டிக் எல்லாம் இருந்தது. புதியவர்கள் அவரவர் நேரத்தில் ஒழுங்காக நின்றார்கள்.

அத்தான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஆச்சா? அப்ப லைவுல ஏத்திடு. யாருக்கும் தெரியாது."

"ஏத்த மாட்டேன்."

"இப்ப என்ன?"

"மேலாளர்கிட்ட சொல்லிட்டு ஏத்துவேன். அது அவங்க பதிவு. அதுல நாம திருட்டுத்தனமா ஒரு பேரு சேத்தா என்ன, அழிச்சா என்ன? ரெண்டும் ஒண்ணுதான். ஃபோன் பண்ணுங்க."

"காண்ட்ராக்ட் போயிடும்டி."

"போகட்டும்."

"உனக்கென்ன, வாய் கூசாம சொல்லிடுவ!" என்று கத்தினார். அக்கா ஃபோனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அத்தான் எண்ணை அழுத்தினார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். மேலாளர் எடுத்ததும் அத்தானுக்குக் குரல் தேனாகிவிட்டது. "சார் வணக்கம் சார். ஒரு சின்ன டெக்னிக்கல் விஷயம் சார். கொஞ்சம் அப்ளிகேஷன் வேற எடத்துல போய் உக்காந்துடுச்சு. நம்ம பொண்ணு ஒருத்தி, எங்க வீட்டுப் பொண்ணுதான், கவனக்குறைவா..."

எனக்குக் காது அடைத்துப்போனது. பத்து வருஷம்! பத்து வருஷமாக இந்த மனிதர் உடைத்ததையெல்லாம் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். கத்தவில்லை, கடைக்காரரிடம் சில்லறை கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"அவ இல்லைன்னு சொல்லுங்க."

அத்தான் அவளைப் பார்த்தார். கதவுப் பக்கம் பார்த்தார். கதவு பாதி திறந்திருந்தது. வேன்காரம்மா அங்கே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்" என்றார் அத்தான். "அவ இல்ல. நான்தான். நோட்டீஸ்ல கோடு தப்பாப் போட்டது நான்தான் சார்."

மேலாளர் பேசிய பேச்சில் அத்தானின் காது சிவந்தது. கடைசியில், "சரி, சேத்துத் தொலைங்க. லிஸ்ட் நாளைக்குத்தானே, அவங்கள நாளைக்குக் காலையில சரிபாக்க வரச் சொல்லுங்க. ஆனா விஷயம் வெளிய போகக்கூடாது. பேரு வந்துட்டா முடிஞ்சுது, புரியுதா?" என்றார்.

ஏற்றினேன். நோட்டீஸ் கோட்டை நீட்டுகிறவர்கள் இனி லைவுக்கே போகிற மாதிரி திருப்பிவிட்டேன். வேன்காரம்மாவைக் கூப்பிட்டு லைவில் அவருடைய பேரைக் காட்டினேன். விண்ணப்பம் திறந்த அன்று, காலை நேரம், வரிசையில் நாலாவது ஆள். அவர் திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். "நாலாவதா?" என்று ஒரு தடவை கேட்டார். பிறகு, "கேன் வெயில்ல கெடக்குது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மத்தியானம் பூராவும் மற்ற பதினைந்து பேருக்கும் ஃபோன் போட்டேன். அத்தானைப் போடச் சொல்லியிருக்க வேண்டும்; அவர் பூசி மெழுகிவிடுவார் என்று நானே போட்டேன். சிலர் சண்டை போட்டார்கள், அது பரவாயில்லை. மூன்று பேர் கவுண்டர் வரை போய், இல்லை என்றதும் வாயைத் திறக்காமல் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்படியா? நான்தான் எங்கயோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சேன்க்கா. வீட்ல வேற, உனக்கு ஒரு ஃபோனே ஒழுங்கா அமுக்கத் தெரியல, பஸ்ஸு ஓட்டப் போறியான்னு கேட்டாங்க" என்றாள். ஃபோனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது. அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை. என் தாளை மறைத்திருந்த காலண்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன்.

மறுநாள் காலை, படியில் அதே திடுதிடு சத்தம்.

அத்தானுக்கு முகம் மாறிவிட்டது. "என்ன மேடம், பேரு வந்துடுச்சே? பாக்கலையா?"

"பாத்தேன் சார். எங்க வீட்டு ஆளுங்ககிட்டயெல்லாம் காட்டினேன்" என்றார் வேன்காரம்மா. இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு ஒரு சந்தேகம். இப்ப அந்த ஆளு கம்ப்யூட்டர்ல பாத்தா என் பேரு எப்படித் தெரியும்?"

"மத்தவங்க பேரு மாதிரியேதான் தெரியும்" என்றேன். "மொதல்லேர்ந்தே அங்க இருந்த மாதிரி."

"அதான் கேட்டேன். மொதல்லேர்ந்தே இருந்த மாதிரி. அப்ப நேத்து நான் எதுக்குக் கத்தினேன்? புத்தி கெட்டுப்போயா? அங்க நின்ன பொம்பளைங்க கூடத்தான் நான் தினமும் கிளாஸ்ல உக்காரணும். அவங்க கண்ணுக்கு நான் போலி பேப்பர் கொண்டுவந்து, யாரையோ புடிச்சுப் பேரச் சேத்துக்கிட்டவ." அத்தானைப் பார்த்துத் திரும்பினார். "நீங்க வந்து சொல்லணும் சார்."

"அதான் மேலாளர்கிட்டயே சொல்லிட்டேனேம்மா."

"அவர் என்னைப் போலின்னு சொல்லலயே. கவுண்டர்லதானே சொன்னாங்க? கவுண்டர்ல வந்து சொல்லுங்க."

அவ்வளவு ஒழுங்காகச் செய்தேன் என்று நேற்று சாயங்காலம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு தழும்பு தெரியாமல் சேர்த்திருந்தேன். இந்த அம்மா சொன்ன பிறகுதான் உறைத்தது: தழும்பு தெரியாததால் நடந்த அநியாயமும் தெரியாமல் போயிற்று. மேலாளர் கேட்டதும் அதைத்தானே!

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "போயிட்டு வாங்க" என்றாள்.

வேனில் முன்னால் மூன்று பேர் உட்காரலாம். அத்தான் நடுவில், ஜன்னல் பக்கம் நான். வேன்காரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வண்டியை எடுத்தார். பின்னால் காலி கேன்கள் கடகடவென்று உருண்டன. ஒரு பேருந்து எங்களை உரசுகிற மாதிரி முந்திப் போனது. "திருப்பத்துல ஆள் வர்றது தெரியாம எப்படி வெட்டறான் பாருங்க, இவனெல்லாம் ஓட்டறான்" என்று அவர் மட்டும் பேசினார். அத்தான் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பயிற்சி நிலையத்தில் கவுண்டருக்கு முன்னால் நீளமான வரிசை. வாட்ச்மேன் வேன்காரம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான், பக்கத்தில் நாங்கள் வருவதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். வரிசையில் நின்றோம், எங்கள் முறை வந்தது. கவுண்டர்க்காரர் குனிந்தபடியே கையை நீட்டிச் சான்றிதழ்களை வாங்கினார், பேரைத் தட்டினார்.

"இருக்கே. நாலாவதா இருக்கே உங்க பேரு. ஒழுங்காப் பாக்காம நேத்து எதுக்கும்மா அவ்வளவு சத்தம் போட்டீங்க?"

என் கை தானாகக் கவுண்டர் பலகையில் ஓங்கி அடிக்கப் போனது. வேன்காரம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அத்தானைப் பார்த்து, "சொல்லுங்க" என்றார்.

அத்தான் தொண்டையைக் கனைத்தார். "சார், இந்த சைட்டப் பண்ணினது நாங்கதான். நேத்து இவங்க கொண்டுவந்தது போலி இல்ல. நாங்க ஒட்டின நோட்டீஸ்ல தப்பு. இவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

"சரி சரி, விடுங்க, அடுத்த ஆளு" என்றார் கவுண்டர்க்காரர், குனிந்த தலை நிமிராமல் சான்றிதழில் முத்திரை குத்திக்கொண்டே.

"நிமிந்து பாருங்க சார்" என்றார் வேன்காரம்மா.

முத்திரை அந்தரத்தில் நின்றது.

"நேத்து என்னைப் போலின்னு சொன்னப்போ நிமிந்து பாத்துதானே சொன்னீங்க? எனக்குப் பின்னாடி நிக்கறவங்களையும் சேத்துப் பாத்துதானே சொன்னீங்க? இப்பவும் அப்படியே பாருங்க." பிறகு அத்தான் பக்கம் திரும்பினார். "நீங்க மொதல்லேர்ந்து சொல்லுங்க சார். பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

கவுண்டர்க்காரர் நிமிர்ந்தார். அத்தான் வரிசையைப் பார்த்துத் திரும்பி, மொதல்லேர்ந்து சொன்னார்.